வானவழிப் பயணமும் முஸாஃபிரின் சட்டங்களும்
சென்னை முதல் ஜித்தா வரை ஒரு பாடம்

 



பெண்களுக்கான வாராந்திர பயான் ஒன்று முடிந்து எழும் வேளையில், திரைக்கு அப்பாலிருந்து வயது முதிர்ந்த தாயார் ஒருவர் கேட்டார்:

“ஆலிம்சா, என் வாப்பா அந்தக் காலத்திலே கப்பலில் ஹஜ்ஜுக்குப் போனார்கள். ஜித்தா போய்ச் சேரவே எத்தனையோ நாள் ஆனது. அவர்கள் முஸாஃபிர் என்றால் சரி. நான் காலையிலே பேரன் வீட்டில் பசியாறிவிட்டு மாலையிலே ஜித்தாவில் இறங்கிவிட்டேன். நாலு ரக்அத்தை இரண்டாகச் சுருக்க மனசு கூசியது. நாலாகவே தொழுதேன். திரும்பி வரும்போது ஸுப்ஹு விமானத்திலேயே போய்விட்டது. வீட்டுக்கு வந்து களாச் செய்துகொண்டேன். இதெல்லாம் சரிதானே?”

அந்தத் தாயாரின் பேணுதலை எண்ணி மகிழ்ந்தேன். ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். அல்லாஹ் சலுகை தந்த இடத்தில் அவர்கள் தயங்கினார்கள். சலுகையே இல்லாத இடத்தில், சலுகை உண்டென எண்ணிக் கொண்டார்கள். இது அவர்கள் ஒருவருடைய குழப்பமன்று. உம்ராவுக்கும் பிழைப்புக்குமாக விமானம் ஏறும் நம் வீட்டார் பலருக்கும் உள்ளதுதான். எனவே இம்மாதம் இந்த மஸ்அலாவையே பாடமாக எடுத்துக் கொள்வோம்.

தூரம் எவ்வளவு?

சென்னையிலிருந்து ஜித்தா, நேர்கோட்டு வான்வழியில் ஏறத்தாழ 4,450 கிலோ மீட்டர். இடையில் எங்கும் இறங்காமல் சென்றால் ஐந்தரை மணி முதல் ஆறு மணி நேரம் பிடிக்கும். நம் முன்னோர் ரயிலேறி பம்பாய் சென்று, அங்கே கப்பலுக்குக் காத்திருந்து, அரபிக் கடலைக் கடந்து போனார்கள். பம்பாயிலிருந்து சென்ற அந்த ஹஜ்ஜுக் கப்பல் பயணம் 1995ஆம் ஆண்டோடு நின்றுபோனது. அவர்களுக்கு வாரக்கணக்கில் ஆன பயணம் நமக்கு ஒரு பகற்பொழுதில் முடிகிறது. ஆனால் இங்கே குறைந்தது நேரம்தான். சென்னை இருந்த இடத்தில் இருக்கிறது. ஜித்தாவும் இருந்த இடத்தில் இருக்கிறது. அவை இரண்டுக்கும் இடையே உள்ள நிலமும் கடலும் ஒரு சாண்கூடச் சுருங்கவில்லை.

ஷரீஅத் எதைப் பார்க்கிறது?

தொழுகையைச் சுருக்கித் தொழுவதற்கு (கஸ்ர்) ஷரீஅத் வைத்த அளவு தூரம். ஷாஃபிஈ மத்ஹபில் இரண்டு மர்ஹலா, அதாவது 48 ஹாஷிமி மைல். இதைக் கிலோ மீட்டராக்கும்போது உலமாக்களிடையே கணக்கு வேறுபடுகிறது. எண்பதுக்குச் சற்று மேல் என்போரும் உண்டு; 132 என்போரும் உண்டு. ஹனஃபி மத்ஹபில் மூன்று நாள் நடைப்பயணத் தூரம். நம் நாட்டு உலமாக்கள் அதை 48 மைல், சுமார் 77 கிலோ மீட்டர் என வகுத்துள்ளனர். மணிக்கு 850 முதல் 900 கிலோ மீட்டர் பறக்கும் விமானம், இவற்றில் எந்தக் கணக்கை எடுத்தாலும் பத்து நிமிடத்திற்குள் கடந்துவிடும்.

“பத்து நிமிடத்தில் முடிந்துவிடுவதும் ஒரு பயணமா?” என்று கேட்கலாம். விமானம் என்னும் பெயரே எவரும் கேட்டிராத காலத்தில் நம் இமாம்கள் இதற்கு விடை எழுதிவிட்டார்கள். ஹிஜ்ரி 676இல் (கி.பி. 1277) வஃபாத்தான இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தம் ‘மின்ஹாஜ்’ நூலில், இவ்விஷயத்தில் கடலும் தரையைப் போன்றதே என்றும், கடலில் ஒருவர் அந்த மைல்களைச் சொற்ப நேரத்தில் கடந்துவிட்டாலும் அவர் கஸ்ரு செய்யலாம் என்றும் தெளிவாகக் கூறியுள்ளார்கள். காற்று வாக்காக வீசினால் பாய்மரக் கப்பல் விரைந்து செல்லும். அதனால் சலுகை போய்விடாது என்பது கருத்து. ஹனஃபி ஃபிக்ஹு நூல்களிலும் மூன்று நாள் தூரத்தை விரைந்து இரண்டு நாளில் கடந்தவர் கஸ்ரே செய்வார் என்று வந்துள்ளது. கடலுக்கும் குதிரைக்கும் சொன்ன இச்சட்டம் வானத்திற்கும் அப்படியே பொருந்தும்.

“கஷ்டத்திற்காகத்தானே சலுகை? இப்போது குளிர்சாதனம், மெத்தை இருக்கை, வேளைக்குச் சாப்பாடு, கஷ்டம் எங்கே?” என்று மனம் கேட்கும். இதே கேள்வி ஸஹாபாக்கள் காலத்திலும் எழுந்தது. அந்நிஸா அத்தியாயத்தின் 101ஆம் வசனத்தில் எதிரிகளைப் பற்றிய அச்சத்துடன் சேர்த்துக் கஸ்ரு சொல்லப்பட்டிருக்கிறது. இப்போது மக்கள் அச்சமற்று இருக்கிறார்களே என்று யஃலா இப்னு உமய்யா (ரலி) அவர்கள், உமர் (ரலி) அவர்களிடம் கேட்டார்கள். தமக்கும் அந்த வியப்பு ஏற்பட்டு நாயகம் (ஸல்) அவர்களிடமே கேட்டதாகவும், இது அல்லாஹ் உங்களுக்கு அளித்த தருமம், அவனுடைய தருமத்தை ஏற்றுக் கொள்ளுங்கள் என்னும் கருத்தில் அவர்கள் பதிலளித்ததாகவும் உமர் (ரலி) அவர்கள் கூறினார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இச்செய்தி பதிவாகியுள்ளது.

ஆகவே, அந்தத் தாயாருக்கு நான் சொன்ன முதல் பதில் இதுதான்: “உம்மா, நீங்கள் சந்தேகமில்லாத முஸாஃபிர். ஷாஃபிஈ மத்ஹபில் நாலாகத் தொழுததும் நிறைவேறிவிட்டது. ஆனால் அல்லாஹ் தரும் தருமத்தை வாங்குவதற்குக் கூச்சம் வேண்டாம்.” ஹனஃபி மத்ஹபைச் சேர்ந்தவர்களோ, முஸாஃபிர் தனித்துத் தொழும்போதும் இமாமாக நிற்கும்போதும் கஸ்ரு செய்வது வாஜிபு என்பதை நினைவில் கொள்ளவேண்டும். ஊரிலுள்ள இமாமைப் பின்பற்றினால் இரு மத்ஹபிலும் நாலையும் முழுமையாகத் தொழவேண்டும்.

எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது?

டிக்கெட் கைக்கு வந்ததும் ஒருவர் முஸாஃபிர் ஆகிவிடுவதில்லை. தம் ஊரின் எல்லையைக் கடந்த பிறகே சலுகை தொடங்குகிறது. காயல்பட்டினத்திலிருந்தோ நாகூரிலிருந்தோ புறப்பட்டு சென்னை விமான நிலையம் வந்தவர் அங்கேயே முஸாஃபிர்தான். லுஹரையும் அஸரையும் இரண்டிரண்டாகத் தொழலாம். சென்னையிலேயே குடியிருப்பவரின் நிலை வேறு. மீனம்பாக்கம் விமான நிலையம் நகரின் கட்டடத் தொடருக்குள்ளேயே இருப்பதால், அவர் அங்கே முழுமையாகவே தொழவேண்டும். விமானம் கிளம்பி நகரைக் கடந்த பின்னரே அவருக்குச் சலுகை. ஒரே வரிசையில் நிற்கும் சம்பந்திகள் இருவரில் ஒருவருக்கு நாலு, மற்றவருக்கு இரண்டு என்று அமைவது இதனால்தான்.

போய்ச் சேர்ந்த இடத்தில் எத்தனை நாள் தங்குவதாக நிய்யத்து என்பதும் முக்கியம். வந்த நாளும் கிளம்பும் நாளும் நீங்கலாக முழுமையான நான்கு நாட்கள் தங்க நிய்யத்து இருந்தால், ஷாஃபிஈ மத்ஹபில் அங்கே சேர்ந்தவுடன் சலுகை முடிகிறது. ஹனஃபி மத்ஹபில் அது பதினைந்து நாட்கள். மக்காவில் பத்து நாள் தங்கப் போகும் ஷாஃபிஈ, அங்கே போய்ச் சேர்ந்ததிலிருந்து நாலாகவே தொழுவார்.

சூரியன் தாமதிக்கும் பயணம், முந்தும் பயணம்

இனி அந்தத் தாயாரின் இரண்டாவது கேள்விக்கு வருவோம். கஸ்ரு தூரத்தைப் பார்க்கிறது. தொழுகையின் நேரமோ சூரியனைப் பார்க்கிறது. விமானப் பயணத்தில் பலர் தடுமாறுவது இங்கேதான்.

சென்னைக்கும் ஜித்தாவுக்கும் கடிகாரத்தில் இரண்டரை மணி நேர வித்தியாசம். தீர்க்க ரேகையில் இரண்டுக்கும் 41 பாகை இடைவெளி. ஒரு பாகைக்கு நான்கு நிமிடமாகக் கணக்கிட்டால், சூரியன் சென்னையை விட ஜித்தாவுக்குச் சுமார் 2 மணி 44 நிமிடம் பிந்தி வருகிறது. நாம் மேற்கே பறக்கும்போது சூரியன் செல்லும் திசையிலேயே செல்கிறோம். ஆறு மணி நேரம் பறந்தாலும், நம்மளவில் சூரியன் மூன்றேகால் மணி நேரத்திற்குரிய தூரமே நகர்ந்திருக்கும். பகல் இரண்டு மணிக்குச் சென்னையில் கிளம்பியவர் ஜித்தா நேரப்படி மாலை ஐந்தரை மணி அளவில் இறங்குவார். அங்கே சூரியன் இன்னும் மறைந்திருக்காது.

திரும்பும்போது நிலைமை தலைகீழ். சூரியனை எதிர்கொண்டு பறக்கிறோம். ஐந்து மணி நேரப் பயணத்தில், ஏறத்தாழ ஏழே முக்கால் மணி நேரத்தில் நடக்கவேண்டிய சூரிய ஓட்டம் நடந்துவிடுகிறது. ஜித்தாவில் நள்ளிரவு ஒரு மணிக்கு விமானம் ஏறியவர், “இன்னும் இரவு இருக்கிறதே” என்று கண்ணயர்ந்துவிடுகிறார். அப்போது சென்னையில் அதிகாலை மூன்றரை மணி. சிறிது தூரம் பறப்பதற்குள் கிழக்கே விடிவெள்ளை பரவுகிறது. கண் விழிக்கும்போது ஜன்னலில் வெயில். காலை எட்டரை மணிக்குச் சென்னையில் இறங்கும்போது ஸுப்ஹு களாவாகி வெகு நேரமாகியிருக்கும்.

லுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழும் ‘ஜம்உ’ சலுகை ஷாஃபிஈ மத்ஹபில் முஸாஃபிருக்கு உண்டு. ஹனஃபி மத்ஹபில் ஹஜ்ஜின்போது அரஃபாவிலும் முஸ்தலிஃபாவிலும் தவிர அது இல்லை. ஸுப்ஹுக்கோ எந்த மத்ஹபிலும் ஜம்உ கிடையாது. அதை முன்னதாகவும் தொழ முடியாது. பின்னதாகவும் தள்ள முடியாது. விமானத்தில் நேரம் வந்து விமானத்திலேயே நேரம் முடியுமானால், விமானத்திலேயே தொழுவது பர்ளு. “வீட்டுக்குப் போய்ப் பார்த்துக் கொள்ளலாம்” என்று வேண்டுமென்றே விடுவது பெரும் பாவம். அந்தத் தாயார் அறியாமல் விட்டார்கள். அவர்களுக்குக் களாவும் தவ்பாவும் போதும். இதைப் படித்தபின் நமக்கு அறியாமை என்னும் சாக்கு இல்லை.

நோன்பாளிகளும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். 35,000 அடி உயரத்தில் பறப்பவரின் கண்ணுக்கு, கீழே தரையில் மறைந்துவிட்ட சூரியன் பத்து நிமிடத்திற்கு மேலும் தெரிந்துகொண்டிருக்கும். கீழேயுள்ள ஊரின் நேரத்தைக் கேட்டு நோன்பு திறக்கக் கூடாது; தம் கண்ணுக்குச் சூரியன் மறைந்த பிறகே திறக்கவேண்டும். ஸுப்ஹு ஆனபின் ஊரை விட்டுக் கிளம்பியவர் பயணத்தைக் காரணம் காட்டி அன்றைய நோன்பை விடுவதும் கூடாது.

விமானத்தில் தொழுவது எப்படி?

வுளூவை விமான நிலையத்திலேயே செய்துகொண்டு ஏறுவது நல்லது. வுளூ முறிந்துவிட்டால், தண்ணீர் இருக்கும்போது தயம்மும் கூடாது. சிறு புட்டித் தண்ணீரில் உறுப்புகளை ஒவ்வொரு முறை கழுவினாலே பர்ளு நிறைவேறிவிடும். கழிவறைத் தரையை நனைத்து அடுத்தவருக்கு இடையூறு செய்யவேண்டாம்.

கிப்லாவைப் பற்றி ஓர் எளிய விளக்கம். பூமி உருண்டையின் மாதிரியை எடுத்து, சென்னையில் ஒரு நூலை வைத்து மக்கா வரை இழுத்துப் பிடியுங்கள். அந்த நூல் செல்லும் பாதைதான் மிகக் குறுகிய வழி. தட்டையான படத்தில் கோடு போட்டால், மேற்கிலிருந்து சுமார் 12 பாகை வடக்கே சாய்வது போலத் தோன்றும். உருண்டையின் மீது இழுத்த நூலோ சென்னையில் சுமார் 18 பாகை வடக்கே சாய்ந்து புறப்படுகிறது. அதுவே சென்னையின் கிப்லா. விமானமும் ஏறக்குறைய அந்தக் குறுகிய வழியையே நாடுகிறது. ஆகவே ஜித்தா செல்லும்போது பெரும்பகுதி வழியில் விமானத்தின் மூக்கு நோக்கும் பக்கமே கிப்லா. திரும்பும்போது வால் பக்கம். ஜித்தாவில் இறங்கியவுடன் பழக்கத்தில் மேற்கே திரும்பிவிடாதீர்கள். அங்கே கிப்லா கிழக்கு. வழியில் விமானம் வளைந்து செல்வதும் உண்டாதலால், இருக்கைக்கு முன்னுள்ள திரையின் வரைபடத்தைப் பார்த்தோ பணியாளரிடம் கேட்டோ உறுதி செய்துகொள்ளுங்கள்.

பணியாளரிடம் அனுமதி கேட்டு, கதவோரத்திலோ பின்பக்கத்திலோ உள்ள காலியிடத்தில் நின்று, ருகூஉம் ஸுஜூதும் முறையாகச் செய்து தொழுங்கள். பணிவாகக் கேட்டால் பெரும்பாலும் மறுப்பதில்லை. இடம் கிடைக்காவிட்டாலோ, இருக்கையை விட்டு எழக்கூடாதென்று அறிவித்திருந்தாலோ, நேரத்தின் கண்ணியம் கருதி இருக்கையிலேயே சைகையால் தொழுதுவிட்டு, இறங்கியபின் அத்தொழுகையைத் திரும்பத் தொழவேண்டும். நிற்க முடிந்தவர் சோம்பலால் அமர்ந்து தொழுதால் பர்ளு நிறைவேறாது.

மீக்காத்தும் என் பிழையும்

உம்ராவுக்கோ ஹஜ்ஜுக்கோ செல்பவர் மீக்காத்தின் எல்லையை இஹ்ராம் இன்றிக் கடக்கக் கூடாது. கப்பலில் சென்ற நம் முன்னோருக்கு யலம்லம் மீக்காத்தாக இருந்தது. கிழக்கிலிருந்து வரும் விமானமோ, பொதுவாகத் தாயிஃபுக்கு அருகிலுள்ள கர்னுல் மனாஸிலின் நேர் எல்லையை ஒட்டிக் கடக்கிறது. அதன் வேகத்தை எண்ணிப் பாருங்கள்: நிமிடத்திற்குப் பதினான்கு, பதினைந்து கிலோ மீட்டர்! “இன்னும் ஐந்து நிமிடம் போகட்டும்” என்று தாமதித்தால் எழுபது கிலோ மீட்டர் கடந்துவிடும்.

இதில் நானே ஒருமுறை தவறியிருக்கிறேன். மதரஸாவில் பட்டம் பெற்ற சில ஆண்டுகளில், சிறு உம்ராக் குழுவொன்றுக்கு வழிகாட்டியாகச் சென்றேன். மீக்காத்து நெருங்குவதாக அறிவிப்பு வந்தபோது, பெரியவர் ஒருவர் பதைத்துப் போய், “தம்பி, இஹ்ராம் துணி பெரிய பெட்டிக்குள் போய்விட்டதே!” என்றார். பெட்டி விமானத்தின் அடிவயிற்றில் கிடந்தது. நானும் பதற்றத்தில், “இறங்கியதும் எடுத்து உடுத்துக் கொள்ளலாம், நிய்யத்தையும் அப்போதே வைத்துக் கொள்ளலாம்” என்று சொல்லிவிட்டேன்.

ஜித்தாவில் மூத்த ஆலிம் ஒருவரைச் சந்தித்தபோதுதான் என் தவறு புரிந்தது. இஹ்ராம் என்பது துணியன்று, நிய்யத்து. துணி இல்லாவிட்டால் விமானத்தில் தரும் போர்வையை இடுப்பில் சுற்றிக்கொண்டு நிய்யத்து வைத்திருக்கலாம். அதுவும் இல்லாவிட்டால், உடுத்த உடையிலேயே நிய்யத்து வைத்துவிட்டு, தையல் உடை அணிந்ததற்காக ஃபித்யா கொடுத்திருக்கலாம். ஓர் ஆடு, அல்லது மூன்று நோன்பு, அல்லது ஆறு ஏழைகளுக்கு உணவு. இஹ்ராம் இன்றி மீக்காத்தைக் கடந்தவரோ மீக்காத்துக்குத் திரும்பிச் சென்று இஹ்ராம் கட்டவேண்டும். இல்லையேல் ஓர் ஆடு ‘தம்’ கொடுக்கவேண்டும்.

அந்தப் பெரியவரை இரவோடிரவாக வாடகைக் காரில் கர்னுல் மனாஸிலுக்கு அழைத்துச் சென்றோம். பயணக் களைப்போடு, கால் வீங்கிய நிலையில் அவர் அங்கே இஹ்ராம் கட்டினார். என்னை ஒரு சொல்கூடக் கடிந்துகொள்ளவில்லை. “தம்பி, நாளைக்கு இன்னொருத்தருக்குச் சரியாகச் சொல்வீர்கள் அல்லவா?” என்று மட்டும் கேட்டார். அவருக்குக் கொடுத்த வாக்கின்படியே இதை எழுதுகிறேன்.

வீட்டில் நினைவில் வைக்க வேண்டியவை

1. இஹ்ராம் துணியைக் கைப்பையில் வையுங்கள். வீட்டிலேயே குளித்து, உடுத்தி, நிய்யத்தை மட்டும் மீக்காத்துக்குச் சற்று முன் வைக்கலாம். உறக்கம் வரும் என்று அஞ்சுவோர் முன்னதாகவே நிய்யத்து வைத்தாலும் கூடும்.

2. மாதவிடாயில் இருக்கும் பெண்களும் குளித்து, மீக்காத்துக்கு முன் இஹ்ராமின் நிய்யத்து வைக்கவேண்டும். சுத்தமாகும்வரை தவாஃபை மட்டும் பிற்படுத்தவேண்டும். “சுத்தமானபின் பார்த்துக் கொள்ளலாம்” என்று இஹ்ராம் இன்றிக் கடந்துவிடக் கூடாது.

3. பயணத்திற்கு முன்பே, எந்தத் தொழுகை விமானத்தில் வரும் என்று கணக்கிட்டுத் தாளில் எழுதிக் கொள்ளுங்கள். முதியவர்களை அனுப்பும் பிள்ளைகள் இதைச் செய்து கொடுப்பது, பெட்டி கட்டிக் கொடுப்பதைவிடப் பெரிய உதவி.

4. ஸுப்ஹு நேரத்தில் பறக்க நேர்ந்தால், ஒருவர் விழித்திருந்து மற்றவர்களை எழுப்புங்கள்.

அந்தத் தாயார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அடுத்த முறை போக நஸீபு இருந்தால் இரண்டாகவே தொழுகிறேன் ஆலிம்சா, ஸுப்ஹை விடமாட்டேன்” என்றார்கள். “இன்ஷா அல்லாஹ்” என்றேன்.

அல்லாஹ் அவர்களுக்கும் நமக்கும் அந்தப் பயணத்தை மீண்டும் மீண்டும் நஸீபாக்குவானாக! அவன் தந்த சலுகையை நன்றியோடு ஏற்று, அவன் விதித்த கடமையை நேரத்தோடு நிறைவேற்றும் நல்லடியார்களாக நம்மை ஆக்குவானாக! ஆமீன்.